வெயிலுக்கா, ஷோக்குக்கா

பம்பாயில் எனக்கும் சூரியனுக்கும் தினமும் இரண்டு முறை நேருக்கு நேர் சண்டை. காலையில் தாராவியிலிருந்து செம்பூருக்குச் சைக்கிளில் போகிறேன், அது கிழக்கு. சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறேன், அது மேற்கு. போகும்போதும் முகத்தில் வெயில், வரும்போதும் முகத்தில் வெயில். செம்பூரில் வீடும் தாராவியில் வேலையும் இருப்பவனுக்கு இரண்டு வேளையும் வெயில் முதுகில்தான் விழும், ஆனால் அப்படி ஒருவனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், நம்ம பக்கம் இல்லாத வெயிலா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நம்மூர் வெயில் உச்சந்தலையில் அடிக்கும், ஒரு துண்டைப் போட்டால் தீர்ந்தது. இங்கே அது கண்ணுக்குள் நுழைகிறது. சயான் தாண்டிவிட்டால் லாரிப் புழுதியும் ஆலைப் புகையும் அதனுடன் சேர்ந்து நுழைகின்றன. சைக்கிளில் போகிறவன் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது.

செம்பூரில் ஒரு சாயக் கம்பெனியில் நான் பட்லியாக இருந்தேன். நிரந்தர ஆள் வராத நாளில் அவனுடைய இடத்தில் நிற்பவனுக்கு இங்கே அதுதான் பெயர். எனக்கு வாய்த்த நிரந்தர ஆள் நோயாளி, அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. மாட்டுங்கா, தாதர் பக்கத்து ஆபீஸ்களுக்குக் கடிதங்களையும் சாயச் சாம்பிள்களையும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நாலு வருஷம் இப்படி ஓட்டியிருக்கிறேன். கல்யாணம் ஆனது மூன்று வருஷத்துக்கு முன்னால். என் மனைவி பகவதி களக்காட்டில் அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். மாமா வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர், பேச்சில் கறார். நான் பர்மனெண்ட் ஆகிவிட்டேன் என்று கடிதம் வந்த மறுநாளே பெண்ணை ரயிலேற்றுவதாகக் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார். ஆகவே என் குடும்ப வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு ஆங்கில வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் இடது கண் சிவக்க ஆரம்பித்தது. முதலில் சாயங்காலம் மட்டும், பிறகு நாள் முழுவதும். மூக்கோரத்திலிருந்து ஒரு சதை மெல்ல வெள்ளைவிழியின் மேல் படர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று காட்டினேன். டாக்டர் மராத்தியில் பாதி, இந்தியில் பாதியாகச் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது, வெயிலும் புழுதியும் படாமல் கறுப்புக் கண்ணாடி போடு, இல்லாவிட்டால் சதை கண் பாப்பா வரைக்கும் வந்துவிடும் என்பதுதான். வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கையால் தம் ஒரு கண்ணை மூடிக் காட்டினார்.

கறுப்புக் கண்ணாடி என்றதும் பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. களக்காட்டில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் இரண்டு வகை. கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஒரு வகை, கொழும்பிலிருந்து லீவில் வந்தவர்கள் இன்னொரு வகை. முன்னவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டுவோம், பின்னவர்களைப் பார்த்து வயிறெரிவோம். அப்படிக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒருநாள் கடைத்தெருவில் எங்கள் ஹெட்மாஸ்டரைக் கண்டு நின்றார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். எல்லாம் முறையாகச் செய்தவர் கண்ணாடியை மட்டும் கழற்ற மறந்துவிட்டார். கண்ணை மறைத்துக்கொண்டு பெரியவரிடம் பேசினான் என்று ஊர் ஒரு மாசம் வாயில் போட்டு மென்றது. அன்றைக்குப் பேசியவர்களில் நானும் ஒருவன், கொஞ்சம் சத்தமாகவே பேசியவன்.

கிங்ஸ் சர்க்கிளில் ஒரு குஜராத்திக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நடைபாதைக்குக் கூரை போட்ட நிழலான கடை. சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டுப் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தூப் கே லியே, யா ஷோக் கே லியே?" என்றார். வெயிலுக்கா, ஷோக்குக்கா? இரண்டுக்கும்தான் என்றேன். இரண்டும் ஒன்றில் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்கிறவர் மாதிரி மேஜையில் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுவது. இரண்டு பக்கமும் தோல் வைத்துத் தைத்து, பின்னந்தலையைச் சுற்றி ரப்பர் பட்டை. தூசி ஒரு பொட்டு நுழையாது. ஆனால் அதைப் போட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபோது கல் உடைக்கப் போகிறவன் மாதிரி இருந்தேன். இரண்டாவது வட்டமாக, கன்னங்கரேல் என்று இருந்தது. அதற்கு ஒரு கைத்தடியும் வேண்டும். மூன்றாவது தங்கநிறக் கம்பியில் பச்சைக் கண்ணாடி. காதில் மாட்டியதும் எதிரே ஒரு ஹெட்கிளார்க் நின்றார்.

எனக்கு மண்டையில் கொஞ்சம் புத்தி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிழலில் போட்டுப் பார்த்து வெயில் கண்ணாடியை வாங்கக் கூடாது, சைக்கிளில் ஏறி ஒரு சுற்று போனால்தான் காற்று எங்கே நுழைகிறது, வியர்வையில் மூக்கிலிருந்து நழுவுகிறதா என்று தெரியும் என்று நினைத்தேன். ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்றேன். கண்ணாடியோடு ஓடிவிடுவேன் என்று அவருக்குப் பயம். தாராளமாகப் போய் வா, சைக்கிளை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போ என்றார். சைக்கிள் இல்லாமல் சைக்கிள் கண்ணாடியை எப்படிச் சோதிப்பது என்பதை என் இந்தியில் அவருக்கு விளக்கிப் பார்த்தேன். கடையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். கம்பெனிப் பையை ஈடாக வைக்க முடியாது. கடைசியில் அந்த முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும்தான் எனக்குச் சாட்சி சொன்னது. அது சொன்னபடி மூன்றாவதை வாங்கினேன்.

மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டேன். தினம் பத்து ஆபீஸ் படி ஏறுகிறவன் நான். சுவர்களில் மதராசிகளைப் பற்றி என்னென்னவோ எழுதத் தொடங்கியிருந்த நேரம். தோல் வைத்த கண்ணாடியோடு போனால் வாசல் காவலாளியே உள்ளே விட மாட்டான், தங்கக் கம்பிக்கு சலாம் அடிப்பான் என்று நினைத்தேன். அது உண்மைதான், அடித்தான். ஆனால் சயான் மேட்டில் ஏறிக் குனிந்து மிதிக்கும்போது கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும். அரைஞாண் கயிற்றில் ஒரு முழம் வெட்டி இரண்டு காம்புகளிலும் கட்டிப் பின்தலையில் முடிச்சுப் போட்டேன். நழுவுவது நின்றது. தூசி நிற்கவில்லை. பக்கவாட்டில் நுழைந்த புழுதி வெளியே போக வழியில்லாமல் கண்ணாடிக்குள்ளேயே சுற்றியது. ஆபீஸ் வாசலில் கயிற்றை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹெட்கிளார்க்காக உள்ளே போவேன், வெளியே வந்து மறுபடியும் கட்டிக்கொள்வேன். மழைக்காலம் முடிவதற்குள் சதை இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

அப்போதுதான் அந்த நோயாளி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். அவன் இடத்துக்கு நானும் ஒரு மராத்தி இளைஞனும் போட்டி. எங்களை அழைத்துப் பேசி எழுதிக் கொடுக்க வேண்டியவர் சீஃப் கிளார்க் சாம்பசிவம் சார். மாட்டுங்காவில் பல வருஷமாகக் குடியிருக்கும் தமிழர், யாரையும் கடிந்து பேசாதவர். நம்ம மனுஷர் ஒருவர் கையில் முடிவு இருக்கிறது என்று தாராவியில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் தங்கியிருப்பது சுடலைமுத்து அண்ணாச்சியின் மளிகைக் கடை மேல்தட்டில், இன்னும் ஐந்து பேரோடு. சார் அழைத்திருந்த அன்று காலை அண்ணாச்சி என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உள்ள போனா கண்ணாடியக் கழட்டாத, கேட்டியா? கண்ணு கெடக்க கெடையில அவரு பாக்காண்டாம். இங்கன எவனும் அத மரியாதக் கொறச்சலா நெனைக்க மாட்டான்."

சரி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். முதலில் அந்த இளைஞன் உள்ளே போனான். அவனும் கறுப்புக் கண்ணாடிதான். கதவு பாதி திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது, கழற்றவே இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் கையை ஆட்டிப் பதில் சொன்னான், சார் சிரித்தார். அடுத்து நான். வாசலைத் தாண்டினேன். மேஜைக்குப் பின்னால் நெற்றியில் விபூதியோடு ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்து, வாப்பா என்று தமிழில் சொன்னார். அவ்வளவுதான். என் கை என்னைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தியில் கூப்பிட்டிருந்தால் கழற்றியிருக்க மாட்டேன் என்று இப்போதும் தோன்றுகிறது.

அவர் என் கண்ணைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். "நீ தாராவிலதானே இருக்கே?" என்றார். ஆமாம் சார் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "குடிக்கற பழக்கம் உண்டோ?" என்று கேட்டார். பம்பாயில் மதுவிலக்கு இருப்பதும், அதை மீறிக் காய்ச்சுகிற இடம் என்று தாராவிக்குப் பெயர் இருப்பதும் ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்காது. தாராவி, சிவந்த கண், பகல் பத்து மணி. அவர் கணக்கில் தப்பு சொல்ல முடியாது. நான் கள்ளைக்கூட மோந்து பார்த்ததில்லை. இல்லை சார், இது வெயிலில் வளர்ந்த சதை, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர் ஒரு குற்றம் சொன்னால் உடனே மறுத்துப் பேசுவது நமக்குத் திமிர். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வோம், பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருவர், ஐயா, பையன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நமக்காகச் சொல்லுவார். அந்த ஒருவருக்காக நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அவர் பெருமூச்சு விட்டார். நல்ல பையன்னு நெனச்சேன் என்று மட்டும் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மராத்தி இளைஞன் எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வேலை தனக்குத்தான் என்று தெரிந்தும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. என் தோளைப் பிடித்து, "அரே, போல்னா தா நா" என்றான். சொல்லியிருக்கலாமே என்கிறான். சொல்லியிருக்கலாம்தான். அவனுக்கு நான் எதை விளக்குவது?

அன்றிலிருந்து யார் முன்னாலும் கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்று வைராக்கியம். இப்போது செம்பூரிலேயே வேறொரு கம்பெனியில், மறுபடியும் பட்லி. பங்குனியில் ஒரு வாரம் லீவு வாங்கிக்கொண்டு களக்காட்டுக்குப் போனேன். கடிதத்தில் எழுத முடியாததை நேரில் சொல்லி, பர்மனெண்ட் ஆகாவிட்டாலும் பகவதியை அனுப்பிவையுங்கள் என்று மாமாவிடம் கெஞ்சுவது என்று முடிவு. மண்டிக்குப் பின்கட்டில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன், சாம்பசிவம் சார் கேட்டதைத் தவிர. மாமா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பர்மனெண்ட் ஆகலங்கது கெடக்கட்டும் மாப்ள. வந்ததுலேருந்து பாக்கேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டே எம்முன்னால இருக்கிய. எத மறைக்கிய?"

கை காது வரைக்கும் போய் நின்றது. கழற்றினால் அவரும் அந்தச் சிவப்பைப் பார்ப்பார், அவருக்கும் அதே கேள்விதான் வரும். கழற்றாவிட்டால் பம்பாய்க்குப் போய் மரியாதை கெட்டவன். கொழும்புக்காரரைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் எனக்கே திரும்பி வந்து நின்றது. நான் யோசித்து முடிப்பதற்குள் வாழைத்தார் ஏற்ற லாரி வந்துவிட்டது. மாமா, சரி, மண்டியப் பாக்கணும் என்று எழுந்து போய்விட்டார். என் விஷயத்தில் முடிவு அதுதான் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் கிளம்பினேன். பகவதி அம்மியிலிருந்து எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் வந்து என் எதிரில் நின்றாள். ஒன்றும் கேட்காமல் இரண்டு கையாலும் என் கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சத்தின் பக்கம் என் முகத்தைத் திருப்பி அந்தச் சதையை வெகுநேரம் பார்த்தாள்.

"வலிக்கா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. டாக்டர்கூடக் கேட்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "அப்பா என்னமும் சொல்லட்டு. நான் வாரேன், கூட்டிட்டுப் போங்க," என்றாள். எங்கே கூட்டிப்போவது? அந்த மேல்தட்டில் ஐந்து ஆண்களுக்கு நடுவிலா? என் வாயில் வந்தது மாமாவின் வார்த்தைதான். பர்மனெண்ட் ஆகட்டும் என்றேன். அவள் கண்ணாடியை முந்தானையில் துடைத்து, இரண்டு காதிலும் ஒழுங்காக மாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மணியாச்சி வந்து ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். அரைத்த கையால் பிடித்ததில் இடது கண்ணாடியின் ஓரத்தில் அவள் விரல் ரேகையோடு மஞ்சள் அப்பியிருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. இப்போதெல்லாம் சயான் மேட்டில் ஏறும்போது எதிரே வரும் லாரிகளும் ஆலைகளின் புகைக்குழாய்களும் வலது கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. இடது கண் ஓரத்தில் மஞ்சள். தினமும் புழுதி பட்டு அந்த ரேகை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் கண்ணும்.