பொட்டுக்கு அடியில் இருந்த சிவப்பு

எங்கள் அப்பா ஓட்டிய டிராக்டர் சிவப்பு நிறம். ஆனால் சிவப்பு என்று சொன்னால் யாரும் நம்பாத நிலைமைக்கு அது மூன்றே வருஷத்தில் வந்துவிட்டது. பானட்டும் மட்கார்டும் வெளுத்துப் போய், தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டும். வண்டி எங்களுடையது இல்லை. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகிற சாலையில் நிலம் வைத்திருந்த ஒரு கௌடருடையது. அப்பா டிரைவர். டிராக்டர் ஓட்டத் தெரியும் என்ற ஒன்றை நம்பித்தான் ஹனூர்ப் பக்கத்திலிருந்து எங்களை அங்கே கூட்டி வந்திருந்தார். வண்டி நிற்கிற கொட்டகையை ஒட்டி ஓர் அறை எங்களுக்கு. டிரைவர் வேலை இருக்கிற வரைக்கும் அந்த அறையும் இருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. புது மனுஷர் யாராவது வந்தால் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அது என்னைவிட உயரம், அதனால் வசதியாக இருந்தது.

அப்பா வண்டியைக் கவனிக்காதவர் என்று சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் வாய்க்காலில் நிறுத்திக் கழுவுவார். பிறகு பழைய துணியை டீசலில் நனைத்து வண்டி முழுக்கத் துடைப்பார். துடைத்த உடனே அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கும். அப்பா இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொள்வார். மறுநாள் வயலில் இரண்டு சால் ஓட்டினால் போதும், அந்தப் பிசுக்கில் புழுதியெல்லாம் ஒட்டி, மாவில் புரட்டி எடுத்த பலகாரம் போல ஆகிவிடும். சாயங்காலம் அந்தப் புழுதியோடு சேர்த்துத் தேய்ப்பார். மறுபடியும் டீசல். அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

கௌடருக்கு ஒரு மச்சினர் இருந்தார், மனைவியின் தம்பி. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் வந்து பானட்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலைக் கௌடரிடம் காட்டினார். மேலுடம்பையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் இன்ஜினை என்னத்தைப் பார்த்துக்கொள்வான் என்று கன்னடத்தில் கேட்டார். தனக்குத் தெரிந்த நல்ல டிரைவர் ஒருவன் சும்மா இருக்கிறான் என்றும் சொன்னார். கௌடர் கெட்டவர் இல்லை. ஆனால் வண்டி வாங்கிய புதிதில் ஊரே திரண்டு வந்து பார்த்தது அவருக்கு மறக்கவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு வந்து பார்ப்பேன், அப்போதும் வண்டி இதே கோலத்தில் இருந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அப்பா இரண்டு தடவை டீசல் போட்டுத் துடைத்தார். சோறு இறங்கவில்லை.

பூஜைக்கு முன்னால் பழைய பொட்டுகளைத் துடைத்து எடுப்பது என் வேலை. அம்மா போன வருஷம் பானட்டின் முன்பக்கத்தில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். ஓடுகிற வண்டியில் வெறும் குங்குமம் காற்றில் பறந்துவிடும் என்று, தன் நெற்றிக்கு வைத்துக்கொள்வது போலவே முதலில் தேன்மெழுகைத் தடவி, அதன்மேல் குங்குமத்தை அப்பியிருந்தாள். அப்போதெல்லாம் குங்குமச் சிமிழோடு ஒரு மெழுகு டப்பியும் பெண்கள் வைத்திருப்பார்கள். டிராக்டருக்கு மெழுகு வைத்துப் பொட்டிட்டவள் அந்த வட்டாரத்திலேயே எங்கள் அம்மா ஒருத்தியாகத்தான் இருக்கும். அப்பாவும் அது சாமிப் பொட்டு என்று ஒரு வருஷமாக டீசல் துணி அதன்மேல் படாமல் சுற்றிச் சுற்றியே துடைத்து வந்திருந்தார்.

அதை நான் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, சீயக்காய்த் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். அடியில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிவப்பு வட்டம் நின்றது. குங்குமக் கறை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தது. பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் வெளுத்த இடத்தைத் தொட்டாள், பிறகு வட்டத்தைத் தொட்டாள்.

"அம்மிணி, இந்த எடத்துக்கு மட்டுந்தான் வயசாகல பாரு," என்றாள்.

வண்டி முழுக்கத் தேய்த்து மெழுகு பூசலாம் என்று அம்மா அப்பாவிடம் சொன்னபோது அவர் காது கொடுக்கவில்லை. "ஏம்புள்ள, மெழுகு பூசி, டிராக்டருக்குத் தலை சீவிப் பூ வெச்சு உடப்போறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இருக்கிற பெயிண்டும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அம்மா மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனாள்.

குங்குமம் கோபுரம் கோபுரமாகக் குவித்திருந்த கடையில் அரைக் கிலோ தேன்மெழுகு கேட்டாள். கடைக்காரர் தமிழர்தான். தராசைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"அரைக் கிலோவா? எத்தனை நெத்திக்கும்மா?"

"ஒரே நெத்திதானுங்க," என்றாள் அம்மா. "கொஞ்சம் அகலம்."

பூஜைக்கு மூன்று நாள் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. வண்டி கொட்டகையில் நின்றது. அப்பா கலப்பைக் கொழுவைத் தூக்கிக்கொண்டு கொல்லன் பட்டறைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் நாங்கள் தொடங்கினோம்.

முதலில் சீயக்காய்த் தண்ணீரால் டீசல் பிசுக்கு போகக் கழுவினோம். குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்தில் நான் புளியும் செங்கல் பொடியும் கொண்டு வந்தேன். அம்மா என் கையில் ஒன்று போட்டுத் திருப்பி அனுப்பினாள். பித்தளை தாங்கும், பெயிண்ட் தாங்காது என்றாள். விபூதியை மல் துணியில் சலித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, துணியில் தொட்டு மட்கார்டின் ஓரத்தில் மெதுவாக வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொன்னாள். பத்துச் சுற்றுக்குள் என் துணி ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயிண்டை எல்லாம் துணியில் எடுத்துவிட்டேன், அப்பா வந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அம்மா முகமும் வெளிறியது. அவளும் முன்னே பின்னே செய்தவள் இல்லையே. முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். அடியில் பொட்டு வட்டத்தின் அதே சிவப்பு இருந்தது.

"செத்த தோலுதான் உரியுது. தேய்," என்றாள்.

தேய்த்தோம். மதியச் சாப்பாட்டை மறந்து தேய்த்தோம். பிறகு அம்மா அடுப்படியில் மெழுகை விளக்கெண்ணெயோடு உருக்கி ஆறவைத்து எடுத்து வந்தாள். வெண்ணெய்ப் பதத்தில் இருந்தது. நெற்றிக்குத் தடவுவது போல இருக்கிறதே தெரியாமல் தடவ வேண்டும், அப்பினால் புழுதி பிடிக்கும் என்றாள். தடவியது மங்கலாகப் படிந்ததும் அவளுடைய பழைய நூல் சேலையைக் கிழித்துத் துடைத்தோம். கடைசியில் பானட்டில் என் முகம் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடியில்கூட நான் என்னை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

அப்பா நனைந்துகொண்டே வந்தார். கொழுவை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றார். ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துப் பானட்டில் ஊற்றினார். சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. இன்னொரு செம்பு ஊற்றினார். பிறகு ஆணியில் தொங்கிய டீசல் துணியை எடுத்துக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு வந்து, சோறு போடச் சொன்னார்.

ஆயுத பூஜை அன்று மாவிலையும் செவ்வந்தியும் கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை வெளியே நிறுத்தினோம். கௌடர் வந்தார், மச்சினரும் கூடவே. மச்சினர் பழைய ஞாபகத்தில் விரலை நீட்டிக் கோடு இழுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. நிமிர்த்திப் பார்த்தார், ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எவன் கையில் கொடுத்துப் பெயிண்ட் அடித்தாய் என்று கௌடர் கேட்டார். பெயிண்ட் அடிக்கவில்லை, பழைய பெயிண்ட்தான் என்றார் அப்பா. அப்படியானால் இதை யார் செய்தது என்று கேட்டார் கௌடர்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். கன்னடத்தில்தான் சொன்னார். எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"நான் செய்யலீங்க கௌடரே. மூணு வருசமா டீசலப் போட்டுத் தேச்சு வண்டியக் கெடுத்தது நானு. மீட்டுக் குடுத்தது எம் பொண்டாட்டியும், அதோ சக்கரத்துக்குப் பின்னால நிக்குதே, அந்தப் புள்ளையும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மா ஏற்றப் போன கற்பூரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டீர்களா, அவன் வாயாலேயே சொல்கிறான் என்றார் மச்சினர். கௌடர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மச்சினரைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"உன் ஆளுக்கு இப்படி ஒரு பொண்ணு இருக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பூசணிக்காய் உடைந்தது. கௌடர் தன் மகனைக்கூட ஏற்றாமல் என்னைத்தான் மட்கார்டில் உட்காரச் சொன்னார். அப்பா எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்ப, கோயில் வரைக்கும் ஊர்வலம் போனோம். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பெண்கள் அம்மாவை நிறுத்தி மெழுகுப் பக்குவம் கேட்டார்கள். அடுத்த வருஷம் அந்தச் சாலையில் மூன்று டிராக்டர்கள் மினுங்கின. அப்பா அந்த வண்டியை இன்னும் பதினேழு வருஷம் ஓட்டினார்.

ஆனால் மட்கார்டில் உட்கார்ந்திருந்த நான் அன்று அப்பாவோடு பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாரே என்று எனக்குக் கோபம். நான்தான் செய்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வேலை நிலைக்கும், சொல்லாவிட்டால் அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டி வரலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படிச் சொன்னவர் ஒரு கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.