ஐந்து சீட்டுக்கு மாறிய ஞாயிறு

மூன்று மணி இருபது நிமிடம். அந்த ஞாயிற்றுக்கிழமை தப்பாகப் போகத் தொடங்கியது அப்போதுதான். இரண்டரைக்கு என் மகள் "கிளம்பிட்டேன்" என்று செய்தி அனுப்பியிருந்தாள். கழக்கூட்டத்தில் அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டலிலிருந்து கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வர ஐம்பது நிமிடம் ஆகும் என்று எனக்குள் ஒரு கணக்கு உண்டு. அந்த ஐம்பது நிமிடம் முடிந்தபோது நான் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை.

அவள் வண்டியில் இருக்கும்போது வீட்டிலிருந்து யாரும் போனில் கூப்பிடக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். ஒரு தடவை அவள் வந்துசேர்வதற்குள் நான் மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்: "அம்மா, நீ கூப்பிட்டா எடுக்கணும்னு தோணும். எடுத்தா விழுவேன். வேணுமா?" வேண்டாம் என்றேன். சத்தியம் மாதிரிதான் அது. ஆகவே மூன்று இருபதுக்கு என்னால் செய்ய முடிந்தது சீட்டுப் போடுவது ஒன்றுதான்.

நாங்கள் ஞாயிறுதோறும் நாலு பேர் ஆடுவோம். நான், என் கணவர், பக்கத்து வீட்டிலேயே இருக்கும் அவர் தங்கை, என் மகள். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை. அங்கிருந்து வந்த வாஷர்கள்தான் எங்கள் பந்தயம். இரும்பு வாஷர் சின்னது, பித்தளை பெரியது. ஆட்டம் முடிந்ததும் எல்லாம் திரும்ப டப்பாவுக்குள் போய்விடும். ஆனாலும் என் நாத்தனார் ஒரு பித்தளையை இழந்தால் இரவு முழுக்கப் பேசமாட்டாள்.

ஓமஹா என்ற இந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் மகள். கையில் நாலு சீட்டு, மேசைமேல் பொதுவாக ஐந்து சீட்டு. கையிலிருந்து இரண்டு, மேசையிலிருந்து மூன்று எடுத்து ஐந்து சேர்க்க வேண்டும். இரண்டுதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு வருடத்தில் எங்களுக்கு அது பழகிவிட்டது. பழகியதும் அவளுக்கு அலுத்துவிட்டது.

"மூணு பேரும் உறங்குற மாதிரி ஆடுறீங்க" என்றாள் ஒரு ஞாயிறு. "இனி கைல அஞ்சு சீட்டு. ஆபீஸ்ல எல்லாரும் இப்ப அதுதான் ஆடுறாங்க."

"ஒரு சீட்டு கூடினா என்ன பெருசா மாறிடப் போவுது?" என்றார் அவள் அப்பா.

"எல்லாம் மாறும்ப்பா. பார்த்துக்கோங்க."

எல்லாம் மாறியது. நாலு சீட்டில் இரண்டிரண்டாக ஆறு ஜோடிதான் எடுக்கலாம். ஐந்தில் பத்து. எனக்கு மட்டும் பத்து என்றால் சந்தோஷப்படலாம், ஆனால் எதிரே இருக்கும் ஒவ்வொருவருக்கும் பத்து. முன்பு ஒரே எண்ணில் மூன்று சேர்ந்தாலே தைரியமாகப் பந்தயத்தை ஏற்றுவேன். இப்போது அதை வைத்துக்கொண்டு ஏற்றினால் யாரோ ஒருத்தர் வரிசையாக ஐந்தைக் காட்டிவிடுகிறார்கள். அந்த ஸ்ட்ரெய்ட்டை வைத்துக்கொண்டு இன்னொருவர் ஏற்றினால், மூன்றாமவர் ஒரே ஜாதியில் ஐந்து காட்டுகிறார். நல்ல கை என்று முன்பு நினைத்தது எல்லாம் ஒரு படி இறங்கிவிட்டது.

முதல் வாரமே எனக்கு மூன்று பத்துகள் கையில் வந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பித்தளை போட்டேன். தோற்ற பிறகு மகள் என் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டுதான் எடுக்க முடியும்மா. மூணாவது பத்து உனக்கே எதிரி. அது மேசைக்கு வர வேண்டியது, நீயே பிடிச்சு வச்சிருக்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கைல நிறைய இருந்தா நல்லதுன்னு நினைக்கிற பாத்தியா, அதை விடு. அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு சேருதான்னு பாரு. ஒண்ணு ஒட்டாம நின்னாலும் நீ நாலு சீட்டுதான் ஆடுற, மத்தவங்க அஞ்சு ஆடுறாங்க."

நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவள். எனக்கு இது புரிந்தது. புரிந்தும் கை கேட்கவில்லை.

அந்த மூன்று இருபதுக்கு அவள் இல்லாமல் மூன்று பேராக ஆடிக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த ஐந்தில் ஆட்டின் ஜாக்கியும் ஆட்டின் ஒன்பதும் இருந்தன. ஆட்டின் என்றால் சிவப்பு இதயம் போட்ட சீட்டு. மேசையில் விழுந்த முதல் மூன்றும் ஆட்டின்: ராஜா, எட்டு, மூன்று. என் கண் வாசலிலும் கை சீட்டிலும் இருந்தது. இருந்த பித்தளை எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

நாத்தனார் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "மதினி, நிச்சயமாத்தானா?"

"போட்டாச்சு."

அவள் ஆட்டின் ஆஸைக் காட்டினாள், கூடவே ஆட்டின் ஐந்தையும்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, இது இருபத்தெட்டு இல்ல கேட்டியா. குலானுக்கு இங்க ராஜ்யம் போயாச்சு."

அவர் சொன்னது உண்மை. இந்த ஊரில் சீட்டு என்றால் முதலில் இருபத்தெட்டுதான். அதில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல். அதைத்தான் இங்கே குலான் என்பார்கள். அடுத்தது ஒன்பது. ஆஸும் ராஜாவும் அதற்குக் கீழே. பாவாடை கட்டிய நாளிலிருந்து ஆடிய ஆட்டம். குலானும் ஒன்பதும் ஒரே ஜாதியில் சேர்ந்து வந்தால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். மனம் வேறெங்கோ இருந்தால் இன்னும் மோசம், கை பழைய ஆட்டத்துக்கே போய்விடும். நாலு சீட்டில் இந்தத் தப்பு சில சமயம் தப்பித்துவிடும், ஏனென்றால் மேலே இருக்கும் சீட்டு யார் கையிலும் இல்லாமல் போகலாம். ஐந்தில் அது எங்காவது இருக்கிறது. இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு மணிக்கு நான் சட்டத்தை மீறினேன். கூப்பிட்டேன். போன் அணைந்திருக்கிறது என்று ஒரு பெண் குரல் மலையாளத்தில் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். அதே குரல்.

"சார்ஜ் போயிருக்கும்" என்றார் கணவர். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

ஹாஸ்டலில் அவளுடன் தங்கியிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, அவ ரெண்டரைக்கே இங்கேருந்து இறங்கியல்லோ" என்றாள் அவள். பின்னணியில் யாரோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டின் மேல் எனக்குக் கோபம் வந்தது.

கணவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். பழவங்காடி வழியாகப் போய், அவள் வரும் பாதையில் உள்ளூர் ஜங்ஷன் வரை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். வழியில் பார்த்து என்ன தெரியப் போகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

வீட்டில் நானும் நாத்தனாரும். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். அவள் சீட்டைக் கலைத்து, எனக்கு ஐந்து, அவளுக்கு ஐந்து போட்டாள்.

"உக்காருங்க மதினி."

"எனக்கு இப்ப சீட்டா?"

"பின்னே என்ன செய்யப் போறீங்க? ரோட்டுக்குப் போய் நிப்பீங்களா? எடுங்க. அண்ணன் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஆடலாம்."

"உனக்குப் பயமா இல்லயா?"

"இருக்கு. அதனாலதான் போடுறேன்."

உட்கார்ந்தேன். சீட்டை எடுத்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது சீட்டை இல்லை. வரும் வழியில், ஸ்ரீகாரியத்தில் லாரி. மழையில் மூடியிருக்கும் குழி. ஆஸ்பத்திரி வராந்தா. முன் தெரியாத ஒரு நம்பரிலிருந்து வரும் அழைப்பு. ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து, எது எதனுடன் சேர்ந்தால் மிக மோசமாகும் என்று மனம் தானாகவே ஜோடி போட்டது. பதற்றக்காரர்களுக்கு இது நன்றாக வரும். எங்கள் கையில் எப்போதும் சீட்டு அதிகம்.

மேசையில் இருந்தது என்னவோ மூன்றே மூன்று. மழை. அணைந்த போன். நேரம் தாண்டியது. அதைத் தாண்டி எதுவும் இன்னும் திருப்பப்படவில்லை. அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் ஆறுதல் இருந்தது என்று சொன்னால் பொய். மூச்சு விட இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிறகுதான் கையைப் பார்த்தேன். ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. ஐந்தும் ஒட்டி நிற்பவை. ஐந்து சீட்டுக்கு மாறிய பிறகு இப்படி ஒரு கை எனக்கு வந்ததே இல்லை. மேசையில் ஒன்பது, பத்து, ராணி விழுந்தன, மூன்றும் வேறு வேறு ஜாதி. என் ஜாக்கி நடுவிலும் ராஜா மேலேயும் சேர்ந்தால் வரிசை முழுசு. அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய கை யாருக்கும் கிடையாது. இரண்டு பித்தளை போட்டேன். நாத்தனாரும் இரண்டு போட்டாள். அடுத்த சீட்டு இன்னொரு ஒன்பது.

அவள் இருந்ததையெல்லாம் தள்ளினாள்.

நாலு சீட்டு நாட்களில் நான் யோசித்திருக்கவே மாட்டேன். ஸ்ட்ரெய்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் விடுவார்கள்? ஆனால் மேசையில் ஜோடி விழுந்துவிட்டது. ஐந்து சீட்டு வைத்திருப்பவளுக்கு அது ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு எண்ணில் இரண்டுமாகச் சேர்ந்திருக்க நிறைய வழி உண்டு. ஒரு நிமிடம் முன்பு பெரியதாக இருந்தது இப்போது பெரியது இல்லை. என் சீட்டு எதுவும் மாறவில்லை, மேசைதான் மாறியிருந்தது.

சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டேன்.

"அம்மாடி" என்றாள் அவள். "மதினி கவிழ்த்துட்டாங்க! எழுதி வைக்கணும்."

"என்ன வச்சிருந்த?"

"சொல்லமாட்டேன். காசு போட்டுப் பாக்கணும் அதுக்கு."

இருவரும் சிரித்தோம். அந்த மாலையில் எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். கணவர். நனைந்து, தனியாக. "எங்கயும் எதுவும் இல்ல" என்றார். அது நல்ல செய்தியா என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடியே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சொன்னேன். "போலாம்" என்றார். சொல்லிவிட்டு எழவில்லை. நான் புடவையை மாற்ற உள்ளே போனேன்.

அப்போது ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. வெளியே ஓடி வந்தேன்.

முதலில் இறங்கியது எனக்குத் தெரியாத ஒரு பெண்மணி, என் வயது இருக்கும். குடையை விரித்து உள்ளே நீட்டினார். அதன் கீழே என் மகள் இறங்கினாள். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. முட்டிப் பக்கம் பேன்ட் கிழிந்திருந்தது. முகத்தில் ஒரு கீறலும் இல்லை. நான் முகத்தைத்தான் பார்த்தேன், வெகு நேரம்.

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றாள். "ஸ்ரீகாரியத்துல வழுக்கிடுச்சு. போன் தெறிச்சு பஸ் சக்கரத்துக்கு அடியில போயிட்டுது."

போன் போன இடத்தை அவள் சொன்ன விதத்தில் எந்தப் பயமும் இல்லை. அந்தச் சக்கரத்தைத்தான் நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அலுவலகத்தில், அடுப்படியில், எங்கே வேண்டுமானாலும்.

அந்தப் பெண்மணி பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்தவர். இவளைத் தூக்கி நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போடும்வரை கூடவே இருந்திருக்கிறார். கணவர் அவருக்காக நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இவங்க போன்ல இருந்து கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"உங்க யாரோட நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லம்மா. எல்லாம் போன்லதான இருக்கு. சின்னதுல பள்ளிக்கூடத்துக்காகப் படிச்சது ஒண்ணுதான் ஞாபகம் வந்துச்சு. அப்பா கடை நம்பர்."

"ஞாயிற்றுக்கிழமை கடை ஏதுட்டி?" என்றார் கணவர்.

வந்தவர்தான் குடையை மடக்கிக்கொண்டே, மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார்:

"ஞானும் அதுதான் சொன்னேன் சேச்சி, கடை பூட்டியிருக்குமல்லோ, ஆரு எடுக்கும்னு. இவதான், யாரும் எடுக்க வேண்டாம் ஆன்ட்டி, கட்டுப் போட்டுத் தீருற வரைக்கும் சும்மா பெல் அடிச்சிட்டிருக்கட்டும்னு சொன்னா. அங்க கடையில பெல் அடிக்கிறது காதுல கேட்டா மதியாம், அதுவே போதுமாம்."