தாளைத் திருப்புங்க

வெர்லீன் ஸ்டப்ஸ் பார்ப்பது உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் உட்காரத் தெரியாத பிறவி. சிப்கோலா கவுண்டி என்னும் மாவட்டத்தில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சாப்பிடும்போதும் பாதித் தட்டில் எழுந்து போய் அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு வருவாள். நாற்காலியில் யார் முள் வைத்தார்கள் என்று அவள் கணவன் டாயல் தினமும் கேட்பான். தினமும் தானே சிரித்துக்கொள்வான்.

அவளுடைய நாற்பத்தேழாம் எண் வண்டி நிற்கும் இடங்கள் நரிப்பள்ளம், கொக்குமேடு, ஆரஞ்சுத்தோப்பு, ஆமைக்குன்று, இன்னும் பத்து. எல்லாம் புதுக் குடியிருப்புகள். கொக்குமேட்டில் கொக்கு கிடையாது. ஆரஞ்சுத்தோப்பில் பெயருக்குக்கூட ஒரு ஆரஞ்சு மரம் இல்லை. எதை விரட்டினார்களோ, எதை வெட்டினார்களோ, அதன் பெயரைக் கல்லில் செதுக்கி வாசலில் நட்டுவிடுவது இந்தப் பக்கத்து மனை வியாபாரிகளின் வழக்கம். வெர்லீன் அந்தப் பதினாலு பெயர்களையும் காலையில் வண்டியிலிருக்கும் ரேடியோவில் பேருந்துக் கொட்டகைக்கு ஒரே மூச்சில் ஒப்பிப்பாள்.

கடைசியான பதினைந்தாவது நிறுத்தத்துக்கு மட்டும் கல் கிடையாது, மில் பாலம் அவ்வளவுதான். நடைபாதையும் கிடையாது. ஏழு பிள்ளைகள் சாக்கடைப் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக நின்று வண்டி ஏறுகிறார்கள். மார்ச் மாதம் ஒரு மணல் லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி அராசெலி என்ற சிறுமியின் பையைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போனது. பை போயிற்று, பிள்ளை தப்பியது. மறுநாள் அவள் அம்மா யெசேனியா அறுந்த வாரைக் கையில் பிடித்தபடி நின்றாள். 

அந்தப் பாலத்துக்கு அப்பால் லாசிட்டர் மேய்ச்சல் நிலத்தில் அறுநூற்று நாற்பது வீடு கட்ட மனு போட்டிருந்தார்கள். போக வர அந்த ஒரே சாலை. அனுமதி கொடுப்பது ஐந்து பேர் கொண்ட கவுண்டிக் குழு. அதில் இந்தப் பகுதிக்கான இடத்துக்கு நவம்பரில் தேர்தல். பதவியில் இருந்தவர் கிளே பெட்வே. வீட்டு மனை என்று எழுதி எதை நீட்டினாலும் தலையாட்டுகிற மனிதர்.

பெட்வேயின் தேர்தல் செலவுக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள் என்பதைத் தேர்தல் அலுவலகத்தில் யார் கேட்டாலும் காட்டுவார்கள் என்று பேருந்துக் கொட்டகையில் பேச்சு வந்தது. காலை ஓட்டத்துக்கும் மதிய ஓட்டத்துக்கும் நடுவில் வெர்லீன் போய்க் கேட்டாள். மூக்குக்கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டதால் தாளைத் தள்ளிப் பிடித்து வாய்விட்டுப் படித்தாள். நரிப்பள்ளம் நிறுவனம், ஆயிரம் டாலர். கொக்குமேடு நிறுவனம், ஆயிரம். ஆரஞ்சுத்தோப்பு நிறுவனம், ஆயிரம். நாலாவது பெயர் வருவதற்குள் அவள் குரல் தானாக ரேடியோ ராகத்துக்குப் போய்விட்டது. ஆமைக்குன்றை அவள் படிக்கவே இல்லை, மனப்பாடமாகச் சொன்னாள். அதுவும் அங்கே இருந்தது.

ஒரு நிறுவனம் ஆயிரத்துக்கு மேல் தரக் கூடாது என்பது சட்டம். ஒரே முதலாளி குடியிருப்புக்கு ஒரு நிறுவனமாகப் பதினாலு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பதினாலுக்கும் ஒரே முகவரி. அது டோனட் கடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு விடும் ஒரு தபால் பெட்டி. வெர்லீன் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் தினமும் போகிறாள்.

கவுன்டரில் இருந்த பெண் இன்னொன்றும் சொன்னாள். போன தடவை பெட்வே ஜெயித்தது அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில். அந்த இடத்துக்கு யாருக்குமே ஓட்டுப் போடாமல் விட்டவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்.

"வந்து வரிசையில நின்னு ஓட்டுப் போட்டவங்கதான். ஆனா ஜனாதிபதியிலருந்து கவுண்டி வரைக்கும் ஒரே ஓட்டுத் தாள். கவுண்டி இடமெல்லாம் அதோட பின்பக்கத்துல இருக்கு. ஜனங்க திருப்பறதில்ல" என்றாள் அவள்.

வெர்லீன் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பதினெட்டு வயதிலிருந்து அவள் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஜனாதிபதி, கவர்னர் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துக் கட்டம் நிரப்பியிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தாளைத் திருப்பியதில்லை. பின்பக்கம் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிற சமாச்சாரம், விவரம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரில் ஒருத்தி தான்தான் என்று தெரிந்ததும் வெட்கத்தில் காது சுட்டது. பள்ளத்தோரம் நின்ற ஏழு பிள்ளைகளையும் அங்கே நிறுத்தியதில் தனக்கும் பங்கு இருப்பதாக அவளுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து டாயலிடம் சொன்னாள். அவன் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே யோசித்தான்.

"நானும் திருப்பினதில்லம்மா. பின்னாடி இருக்கறது பக்கத்துக் கவுண்டிக்காரங்களுக்குன்னு நெனச்சேன்."

"எதுக்குய்யா நம்ம தாள்ல பக்கத்துக் கவுண்டி?"

"காகிதத்த மிச்சம் பிடிக்கறாங்களோன்னுதான்."

அதன் பிறகு வெர்லீனைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. பெட்வேயை எதிர்த்து நின்றவர் மெரிட் ஆஸ்க்யூ. மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், மேடையில் ஏறினால் வாயில் கொழுக்கட்டை. லாசிட்டர் நிலத்தில் வீடு வராது என்று தன் கையாலேயே பலகை எழுதிக் கடை வாசலில் வைத்திருந்தார். பெட்வேயின் பளபளப்பான அட்டைகள் வாரம் இரண்டு எல்லா வீட்டுத் தபாலிலும் வந்து விழுந்தன. வெர்லீனிடம் இருந்தது இரண்டே வார்த்தை: தாளைத் திருப்புங்க. சனி, ஞாயிறு வீடு வீடாகச் சொன்னாள். சர்ச்சில் சொன்னாள், முடிவெட்டும் கடையில் சொன்னாள், சூப்பர் மார்க்கெட்டில் முன்னால் நின்றவரின் தோளைத் தட்டிச் சொன்னாள். வண்டிக்குள் அரசியல் பேசினால் வேலை போகும் என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டு எச்சரித்தார். வண்டிக்குள் அவள் பேசவில்லை. கதவு திறந்திருக்கும்போது வெளியே நிற்கும் பெற்றோரைப் பார்த்து உள்ளங்கையை மட்டும் புரட்டிக் காட்டினாள். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு நரிப்பள்ளத்திலிருந்து மில் பாலம் வரை கையைப் புரட்டிக்கொண்டு வந்தார்கள். தூக்கத்திலும் அவள் கை புரளுகிறது என்று டாயல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நவம்பரில் ஆஸ்க்யூ நாற்பத்துநாலு ஓட்டில் ஜெயித்தார். காலியாக விட்டவர்கள் அறுநூறுக்கு இறங்கியிருந்தார்கள். யெசேனியா ஒரு தட்டு நிறைய மக்காச்சோள மாவில் செய்த தமாலே கொண்டுவந்து கொடுத்தாள். வெர்லீன் அன்றைக்கு ஒரு தட்டு முழுவதையும் எழுந்திருக்காமல் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி ஜனவரி வரைக்கும்தான். ஒருமுறை பார்த்த பழக்கம் விடவில்லை என்று தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு நடை போனாள். அடுத்த தேர்தலுக்கு நாலு வருடம் இருக்கிறது, ஆனால் அதற்கான நிதிக் கணக்கை ஆஸ்க்யூ அதற்குள் தொடங்கியிருந்தார். இந்தத் தடவை கண்ணாடி கையோடு இருந்தது. நரிப்பள்ளம், ஆயிரம். கொக்குமேடு, ஆயிரம். பதினாலும் வரிசை பிசகாமல் வந்தன.

நேராகத் தீவனக் கடைக்குப் போனாள். ஆஸ்க்யூ மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். அவள் நீட்டிய தாளை வாங்கக்கூட இல்லை.

"யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல வெர்லீன். சத்தியமா ஒருத்தரும் கேக்கல."

"கேட்டிருந்தா நீங்க துரத்தியிருப்பீங்க. அதான் கேக்கல."

"நான் வாங்கலேன்னா நாளைக்கு எனக்கு எதிரா ஒருத்தன நிறுத்தி அவனுக்குக் கொடுப்பாங்க. அப்ப நான் என்னத்த வெச்சு நிக்கறது?"

போன தடவை எதை வைத்து நின்றார் என்று அவள் கேட்க நினைத்தாள். கேட்காமல் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கோபம் என்று வீட்டில் சொன்னாள். உண்மையில் அது துக்கம்.

லாசிட்டர் மனு பிப்ரவரியில் குழுவுக்கு வந்தது. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். வெர்லீன் வேலைக்குப் போடும் மஞ்சள் சட்டையோடு ஒலிபெருக்கி முன் நின்றாள். அவள் பேச்சு எதுவும் தயாரிக்கவில்லை. தன் வண்டியின் நிறுத்தப் பட்டியலைப் பிரித்துப் படித்தாள்.

"நரிப்பள்ளம், அஞ்சு பிள்ளைங்க. கொக்குமேடு, மூணு. ஆரஞ்சுத்தோப்பு, நாலு."

என்ன இது என்று சிலர் சிரித்தார்கள். அவள் பதினாலையும் படித்து முடித்தாள். அப்புறம் ஆஸ்க்யூவின் நிதிப் பட்டியலை எடுத்து அதே ராகத்தில் படிக்கத் தொடங்கினாள். மூன்றாவது பெயரில் சிரிப்பு நின்றது. ஏழாவது பெயரில் பின்வரிசைக்காரர்கள் அவளுக்கு முன்னால் அடுத்த பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதெல்லாம் அவர்கள் குடியிருக்கும் இடங்கள்தானே. ஆஸ்க்யூ மேசையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"மில் பாலம், ஏழு பிள்ளைங்க" என்று முடித்தாள் வெர்லீன். "இந்தப் பேரு மட்டும் ரெண்டாவது பட்டியல்ல இல்ல."

மூன்று நிமிட மணி அடித்தது. வாக்கெடுப்பில் முதல் நாலு பேர் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசியாக ஆஸ்க்யூவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நிதி கிடைக்கும்போது பாலத்துக்கு நடைபாதை போட வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஆதரவு என்றார். நிதி எப்போது கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மில் பாலத்தில் வண்டியை நிறுத்தினாள். பள்ளி வண்டியின் சிவப்பு விளக்குகள் மின்னினால், அவை அணையும்வரை யாரும் நகரக் கூடாது என்பது சட்டம். இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றன. எதிரே முதலாவதாக ஒரு மணல் லாரி நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். யெசேனியா படிக்கட்டுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"மிஸ் வெர்லீன், அடுத்த தடவையும் திருப்பறேன். யாருக்குத் திருப்பறதுன்னு மட்டும் சொல்லுங்க."

  வெர்லீன் கதவை மூடினாள். ஏழு பேரும் உட்கார்ந்து பையை மடியில் வைத்தாகிவிட்டது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டது, இன்னொருவனும் அடித்தான். வெர்லீன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு விளக்கை அணைக்கவில்லை.