ஒரு பக்கச் சிரிப்பு

மகளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த காலம். பள்ளிமுனையில் எங்கள் கிணற்றடியில் பல் தீட்டி வாய் கொப்பளித்தேன். துப்புவதற்கு முன்பே தண்ணீர் வலது கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தேன். தேத்தண்ணீரும் அப்படியே வழிந்தபோது உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். இடது பாதி என் முகம்தான். வலது பாதி தொங்கிப் போயிருந்தது. கண்களை மூடினேன். வலது கண் மட்டும் மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாரிசவாதம் என்று நினைத்தேன். முகத்தில் தொடங்கி, கைக்கு வந்து, காலுக்குப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கணவர் கடலுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மகள் சேலையில் கட்டிய ஏணைக்குள் கிடந்து குரல் கொடுத்தாள்.

எங்கள் இருவருக்கும் காலையில் ஒரு பழக்கம் இருந்தது. நான் குனிந்து, புருவத்தை உயர்த்தி, வாயை அகலத் திறந்து ஏதாவது சொல்வேன். அவள் கால்களை உதைப்பாள். நான் பேச்சை நிறுத்தினால் அவள் ஏதோ சத்தம் போடுவாள். அவள் நிறுத்தினால் நான் பதில் சொல்வேன். அன்றைக்கும் பழக்கத்தில் குனிந்தேன். உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. என் ஒரு கண்ணைப் பார்த்தாள், மற்றக் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடி மெல்லத் திரும்பிப் பார்த்தவளின் கீழுதடு நடுங்கியது. கண்ணாடியைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

தூக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். பிடித்திருக்கும்போது கையும் விழுந்துவிட்டால்? பக்கத்து வளவில் இருந்த மச்சாளை, கணவரின் அக்காவை, கூப்பிட்டேன். உதடு ஒட்டாததால் ‘மச்சாள்’ என்ற சொல் சரியாக வரவில்லை. சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தவர் என்னைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் என் கைகளைத் தூக்கச் சொன்னார், அவருடைய விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாரிசவாதம் இல்லை, முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். குளிசை தந்தார். தூங்கும்போது கண்ணை மூடி ஒட்டிவிட வேண்டும், பால் கொடுக்கலாம் என்றார். முகம் பழையபடி வருமா என்று கேட்டேன்.

“கூடப் பேருக்கு வரும். எல்லாருக்கும் எண்டு சொல்ல ஏலாது.”

அந்த இரண்டாவது வசனம்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பின்னால் நின்று கூப்பிட்டால் மகள் ஆசையோடு திரும்புவாள். திரும்பி முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிடுவாள். அம்மாவின் குரல் யாரோ ஒரு பெண்ணிடமிருந்து வருகிறது என்று நினைத்திருப்பாளோ என்னவோ. பால் குடிக்கும்போது நடுவில் விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பது அவள் வழக்கம். இப்போது நிமிர்ந்தாள், பார்த்தாள், சிரிக்கவில்லை. மச்சாளின் இடுப்பில் இருந்தால் மட்டும் கெக்கலித்தாள். என்னை விட்டு அவள் மெல்ல மெல்லப் போய்விடுவாள் என்று பயந்தேன். பயத்தில் சால்வையால் முகத்தை மறைத்துக்கொண்டு பால் கொடுத்தேன்.

கடலிலிருந்து திரும்பிய கணவர் இரண்டொரு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “நீ முகத்தைக் காட்டாமல் இருந்தால் பிள்ளை என்னெண்டு பழகும்?”

சால்வையை எடுத்தேன். முகம் செய்யாததைக் கையால் செய்யப் பார்த்தேன். அவளுடைய உள்ளங்காலில் தாளம் போட்டேன், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பேசினேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்புவதையும் விட்டாள். நெடுநேரம் என்னையே உற்றுப் பார்த்தாள். தொங்கிய உதட்டை விரலால் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஒரு பின்னேரம் அவளைப் பாயில் கிடத்தி, என்னால் முடிந்த சிரிப்பைச் சிரித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுடைய உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. ஒரு கண் மட்டும் சுருங்கியது. மற்றப் பக்கம் அசையவில்லை.

பாலோடு என் முகத்து வருத்தத்தையும் அவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் மறுபடியும் அதே மாதிரிச் சிரித்தாள். நான் கூப்பிட்டதும் ஓடிவந்து எட்டிப் பார்த்த மச்சாளும் அதைக் கண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகச் செருப்பைப் போட்டார்.

ஓட்டோவில் நான் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவாள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கோயிலைத் தாண்டும்போது சிலுவை அடையாளம் போட்டு நேர்த்தி வைத்தேன். என் முகம் இப்படியே கிடக்கட்டும், பிள்ளையை விட்டுவிடு என்று கேட்டேன்.

அதே டொக்டர்தான் இருந்தார். நான் அழுது அழுது சொன்னதைக் கேட்டுவிட்டு மகளை மேசையில் இருத்தி விரலை ஆட்டிக் காட்டினார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள் என்று மச்சாள் பிறகு சொன்னார், நான் கவனிக்கவில்லை. திடீரென்று உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினார். மகள் வீறிட்டு அழுதாள்.

“இப்ப வடிவாப் பாருங்கோ. ரெண்டு கண்ணும் மூடுது. வாய் ரெண்டு பக்கமும் இழுபடுது. பிள்ளைக்கு ஒண்டும் இல்லை.”

“அப்ப ஏன் டொக்டர் அப்பிடிச் சிரிச்சவ?”

“உங்களைப் பார்த்துத்தான். அம்மா சிரிக்கிற மாதிரி அவவும் சிரிக்கிறா.”

எனக்கு உடனே விளங்கவில்லை. மகள் அழுதுகொண்டே கைகளை நீட்டினாள். அவளுக்குக் கிட்ட நின்றது மச்சாள். அவரும் தூக்கத்தான் குனிந்தார். மகள் அவரைத் தாண்டிச் சரிந்து என் சட்டையைப் பிடித்தாள். என் கோணல் கன்னத்தில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கினாள்.

பயம் அன்றோடு போகவில்லை. பல நாட்கள் அவள் அழும்போதெல்லாம் முதலில் வாயைப் பார்த்தேன், பிறகுதான் தூக்கினேன். ஆனால் அவள் ஒரு பக்கமாகச் சிரித்தால் நானும் சிரித்தேன். நான் நிறுத்தினால் அவள் தொடங்கினாள்.

முதலில் என் கண் இமை மூடியது. மாரி மழை தொடங்கியபோது ‘ம’ சரியாக வந்தது. களைத்துப்போன நாட்களில் வலது பக்கம் இன்னும் கொஞ்சம் பின்தங்கும். மகள் அந்தச் சிரிப்பை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. அதற்குள் அவள் தவழத் தொடங்கிவிட்டாள். நான் அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.