டீனி

என் மகள் பிறந்த மூன்றாம் மாதம், ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் புது மருமகளாக வந்தாள் என் கொழுந்தனார் மனைவி. பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வளர்ந்தவள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். நான் ராயக்கோட்டைப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் பேச்சில் பாதி கன்னடம், மீதியில் பாதி இங்கிலீஷ். அதையே வீட்டில் எல்லோரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒருநாளும் சிரித்துப் பேசாத மாமியார் அவளிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

வந்த அன்றே தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "அய்யோ அக்கா, எவ்ளோ டீனி!" என்றாள்.

எனக்குத் 'தீனி' என்று காதில் விழுந்தது. மாட்டுக்கு வைக்கும் தீனி. குழந்தை ராப்பகலாகப் பால் குடிப்பதைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து, "பச்சக் கொழந்த குடிக்கிறத கண்ணு வைக்காதம்மா" என்றேன்.

"இல்லக்கா, சின்னதா, குட்டியா... டீனி" என்று விரல் நுனியைக் காட்டினாள். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். மாலைக்குள் தெரு முழுக்கக் கதை போய்விட்டது. தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டம்மா மட்டும், "எங்க பாஷையிலயும் தினின்னா தின்னுட்டுன்னுதானே அர்த்தம்" என்று என் பக்கம் பேசினார்.

அதன்பின் அந்தச் சொல் வீட்டில் குடியேறிவிட்டது. டீனி டம்ளர், டீனி கிண்ணம், டீனி தோசை. மகளுக்கு நான் வைத்த பெயர் போய் அவளும் டீனி ஆனாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, சித்தி டீனி என்றதும் தவழ்ந்துபோய் அவள் புடவையைப் பிடிக்கும். எனக்கு வயிறு எரியும். அடுப்படியில் ஆளில்லாதபோது நானும் சொல்லிப் பார்த்தேன். டீ கேட்பது போல இருந்தது.

ஒருநாள், என் கணவர் வேலை பார்த்த மாட்டுப்பண்ணையின் அதிகாரி தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். கிருஷ்ணகிரியில் புதிதாகக் கட்டிய வீட்டைப் பற்றி அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரகத்தி வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்ள நினைத்து நான், "நாங்களும் பாத்தோங்க. ரொம்ப டீனி வீடு" என்றேன். அழகு என்றுதான் நினைத்துச் சொன்னேன். இவள் கொஞ்சுவதையெல்லாம் அப்படித்தானே சொன்னாள்?

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. "எங்களால அவ்ளோதாம்மா முடிஞ்சுது" என்று காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தாங்க அக்காகிட்ட தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். லட்சணமா இருக்குன்னு சொல்ல வந்தாங்க" என்று ஓரகத்தி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மாமியார் அவளைப் பெருமையோடு பார்த்தார். பட்ட அவமானத்தைவிட அந்தப் பார்வைதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிறகு ஓரகத்தி அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். "கொழந்தைக்கு, நாய்க்குட்டிக்கு, நம்ம வீட்டு சாமானுக்குச் சொல்லலாம்க்கா. அடுத்தவங்க வீட்டையோ சம்பளத்தையோ சொன்னா கிண்டலாயிடும். இங்கிலீஷ்ல எழுதுறப்ப டைனின்னுதான் எழுதணும். டீனி வெறும் வாய்ப்பேச்சு."

"தெரியும்" என்றேன். தெரியாது.

அடுத்த கோடையில் கொழுந்தனாருக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பஸ் ஏறும்போது அவள் அழுதாள். நான் அழவில்லை. ஆனால் மகள் வாசலையே பார்த்து ஏங்கினாள். சோறு இறங்கவில்லை. வேறு வழி தெரியாமல் ஒருநாள், "டீனி, வாடி கண்ணு" என்று கூப்பிட்டேன்.

உடனே திரும்பினாள். என்னைத் தாண்டி, பின்னால் சித்தி நிற்கிறாளா என்று தேடினாள்.