பக்கத்து வீட்டு அக்காவின் பிரஷர்

என் கணவருக்குப் பிரஷர் உண்டு. வீட்டிலேயே மெஷினில் பார்த்தால், அளவு அவர் பெயரில் என் செல்போன் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

ஒரு நாள் காலை பக்கத்து வீட்டு சரசக்கா, "அம்மணி, எனக்கும் ஒருக்கா பாத்துவுடு" என்றார். அவர் கையில் பட்டையைக் கட்டிப் பட்டனை அழுத்தினேன். அடுப்பில் பால் பொங்கவே, அளவைப் பார்க்காமல் ஓடிவிட்டேன்.

சற்று நேரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் அழைத்தார். "உங்க வீட்டுக்காரருக்கு பிரஷர் இருநூறைத் தாண்டிருச்சுங்க. உடனே கூட்டிட்டு வாங்க."

அவரோ என் எதிரே நிதானமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது அக்காவின் அளவு.

"எனக்கொன்னுமில்ல அம்மணி" என்ற அக்காவை விடாமல் காரில் ஏற்றினோம். நல்ல நேரத்தில் வந்ததாக டாக்டர் சொன்னார்.

இப்போது யாருக்குப் பார்த்தாலும் முதலில் செல்போனில் பெயரை மாற்றுகிறேன். அதில் அக்காவின் பெயரும் இருக்கிறது. இன்று காலை அவருக்கு நூற்று முப்பதுதான்.