நம்பாத பெர்சி அக்கா

பெர்சி அக்கா பால்காரரை நம்பமாட்டார். ஒரு சொட்டுப் பாலை நகத்தில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவரைப் போகச் சொல்வார். பூக்காரம்மா அளந்து கொடுத்த முழத்தைத் தன் கையால் மறுபடி அளப்பார். திருநகரில் எங்கள் அலுவலகத்துக்கு எதிர்வீடு அவருடையது. அதனால் இதையெல்லாம் நான் தினமும் பார்த்துத் தொலைக்கவேண்டியிருந்தது.

மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சராக இருந்துவிட்டு எங்களோடு சேர்ந்தவர். "முடிச்சிட்டேன் டீச்சர்னு எவன் முதல்ல கத்துறானோ, அவன் ஆரம்பிச்சிருக்கவே மாட்டான்" என்பது அங்கே அவர் கற்ற வேதம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்களை இவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தால் அந்த மாப்பிள்ளைகள் மேல்தான் எனக்கு இரக்கம் வரும்.

பிள்ளை பெற்ற தாய்மார்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் தடுமாறும்போது பக்கத்தில் நிற்பதும்தான் எங்கள் வேலை. பயிற்சி என்றால் பெர்சி அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு, பால் குடிக்க எப்படிப் பிடிப்பது, எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு எப்படிக் கட்டுவது என்று அலுக்காமல் சொல்லிக்கொடுப்பார். கதவைத் திறக்காத வீட்டுக்காரியாக அவரே நடிப்பார். அந்த வேஷம் ஒப்பனை இல்லாமலே அவருக்குப் பொருந்தும்.

பக்கத்தில் நிற்பதுதான் அவருக்கு வராது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெண், "அந்த வீட்ல சிரமமா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டால் போதும். "நீ எப்பப் போன? யாரு கதவத் திறந்தா?" என்று ஆரம்பித்துவிடுவார். ஆறுதல் தேடி வந்தவள் திருடியைப் போல எழுந்து போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜெனிஷா ஒத்தக்கடையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவள். கோச்சடையைத் தாண்டி ஒரு ஊரில், குறைமாதத்தில் பிள்ளை பெற்ற ரோகிணியை வாராவாரம் போய்ப் பார்த்துவந்தாள். ஒரு கூட்டத்தில், "ரோகிணி அக்கா பாப்பாவுக்கு எடை நல்லா ஏறியிருக்கு மேடம்" என்றாள். எம்புட்டு என்று கேட்டார் பெர்சி அக்கா. அவள் சொன்னாள். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லோரும் போனபிறகு என்னிடம், "குறைமாசப் பிள்ளை பொசுக்குன்னு இப்படித் தேறுமா? இவ அந்த வீட்டுப் படியவே மிதிக்கல. நாளைக்கு அவ போற நாள். நாமளும் போறோம்" என்றார்.

மறுநாள் நாங்கள் போனபோது ஜெனிஷா அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெர்சி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்கப் போன இடத்தில் ஆள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

சுவரோரம் ரோகிணி சாய்ந்திருந்தாள். அவளுடைய ஓரகத்தி தங்கப்பொண்ணு குழந்தையைத் தூக்கிவந்தாள். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்த கொழுகொழுக் குழந்தை. பெர்சி அக்கா வாங்கியதும் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு வீறிட்டு அழுதது. ரோகிணி அசையவில்லை. தங்கப்பொண்ணின் கைதான் நீண்டது.

அப்போது உள்ளறையிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்தது. ரோகிணியின் நைட்டி மார்புப் பக்கம் நனைந்தது. அவள் அவசரமாகத் துண்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"உள்ள யாரு?" என்றார் பெர்சி அக்கா.

"பூனை குட்டி போட்டுருக்கு மேடம்" என்றாள் தங்கப்பொண்ணு.

"இந்தா, உன் பிள்ளைய வாங்கிக்க" என்று அவளிடமே குழந்தையைக் கொடுத்துவிட்டு, பெர்சி அக்கா உள்ளறையை நோக்கி நடந்தார். ரோகிணி எழுந்துவந்து குறுக்கே நின்றாள்.

"முதப் பிள்ளையையும் இப்படித்தான் எடை பாத்தாக. பத்தலைன்னு தூக்கிட்டுப் போயிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சாக. என்னைய வெளிய உக்கார வச்சுட்டாக. கடைசியில துணியில சுத்தித்தான் தந்தாக. இதத் தரமாட்டேன்."

"நான்தான் சொன்னேன்" என்றாள் தங்கப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு. "எம்பிள்ளையக் காட்டுனா எடை பாத்துட்டுப் பேசாமப் போயிருவாகன்னு."

பெர்சி அக்கா இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தார்.

"நீங்க தொடாதீக. வந்ததுலருந்து போலீசு மாதிரி பாக்குறீக" என்றாள் ரோகிணி.

அவர் அப்படியே நின்றுவிட்டார். ஜெனிஷாதான் தான் கொண்டுவந்திருந்த தராசை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். "எடை பாக்கல அக்கா. பால் குடிக்குதான்னு மட்டும் பாப்போம்" என்றாள். ரோகிணி வாசலில் இருந்த தராசை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குழந்தையைக் கொண்டுவந்து ஜெனிஷா கையில் கொடுத்தாள்.

தோல் சுருங்கிப்போயிருந்தது. வாயைத் திறந்தது, சப்புவதற்குத் தெம்பில்லை. ஜெனிஷா அதை ரோகிணியின் நெஞ்சோடு சேர்த்துத் துண்டால் கட்டினாள். "ஆஸ்பத்திரிக்கு இப்படியே போவோம் அக்கா. நீங்க இறக்கவே வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் தாய் வெளியே இருக்கட்டும் என்றார்கள். அந்த இடத்தில் பெர்சி அக்காவின் குணம் உதவியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யார் சொன்னது, ஏன், பெரிய டாக்டர் எங்கே என்று அவர் கேட்ட கேள்விகளில் அலுத்துப்போய்த் தாயையும் பிள்ளையையும் ஒன்றாகவே உள்ளே விட்டார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு வாடியிருக்காது என்றும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"போன வாரமே எனக்குச் சந்தேகம் மேடம்" என்றாள் ஜெனிஷா. "அவங்க காட்டுன பாப்பாவுக்குக் கழுத்து நின்னுருச்சு. குறைமாசப் பிள்ளைக்கு அதுக்குள்ள நிக்காதே."

"அப்பவே வந்து ஏன் சொல்லல?"

"சொன்னா, நான் அந்த வீட்டுக்கே போகலைன்னு சொல்லுவீங்க."

பெர்சி அக்கா என்னைப் பார்த்தார்.

"அப்படித்தான் சொன்னேன்" என்றார் அவளிடம். "நேத்து, இவகிட்ட."

எழுந்துபோய் வார்டுக் கதவின் இடுக்கில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தப் பச்சப் பிள்ளைக்கு ஒரு வாரம் என்னால போச்சே" என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவர் முன்னாலும் அழுதார்.